சல்லடைக்குக் கீழே: தேயிலைத் தூளும் தமிழரும்

(ஜொகூர் பாருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செம்மை செய்யப்பட்டது.)



ஜொகூர் தேயிலை விளையும் மாநிலம் அன்று. முதலில் கம்பிரும் மிளகும், பிறகு ரப்பர், இப்போது செம்பனை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலோனிலிருந்து வந்த தோட்டக்காரர் சிலர் இங்கே காப்பியோடு தேயிலையையும் நட்டுப் பார்த்தார்கள். ரப்பர் வந்ததும் தேயிலைப் பேச்சு அடங்கிவிட்டது. காப்பி மட்டும் லைபீரிகா வகையாகப் பத்து பகாட், பொந்தியான், குளுவாங் பக்கம் நிலைத்து நின்றது. அப்படிப்பட்ட ஊரில் தேயிலையின் வரலாற்றைப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம்.

ஒரு பயிர் எங்கே விளைந்தது என்று பார்த்தால் முதலாளியின் வரலாறு கிடைக்கும். விளையாத ஊரில் அதை யார் குடித்தார்கள், எந்தக் காசில் குடித்தார்கள் என்று பார்த்தால்தான் அது பரவிய கதை தெரியும். அதற்கு ஜொகூரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேயிலையைச் சீமான்களின் பீங்கான் கோப்பையிலிருந்து உழைப்பாளியின் குவளைக்கு இறக்கியது, சல்லடைக்குக் கீழே விழுந்த தூள். தேயிலை வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் கொழுந்தின் பின்னாலேயே போனார்கள்: சீன அரசவை, லண்டன் ஏலம், பாஸ்டன் துறைமுகம். தூளின் பின்னால் போனால் வேறு மனிதர்கள் எதிர்ப்படுகிறார்கள். அவர்களில் கிள்ளியவர்கள், குடித்தவர்கள், கடை போட்டு ஆற்றிக் கொடுத்தவர்கள் என மூன்று இடத்திலும் தமிழர் நிற்கிறார்கள்.

தூள் என்றதும் ஆலையில் கூட்டி அள்ளிய குப்பை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கழிவு வேறு. தூள் என்பது முறையாகச் சலித்துப் பிரித்து, ஏலத்தில் தனி விலை பேசப்படும் ஒரு தரம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

1. இயந்திரம் உடைத்த இலை

சீனாவில் 8ஆம் நூற்றாண்டிலேயே லு யூ தேநீருக்கென்று தனி நூல் எழுதிவிட்டார். 1610 வாக்கில் டச்சுக்காரர்கள் தேயிலையை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள். இங்கிலாந்தில் அதன்மீது வரி 119 விழுக்காடு வரை ஏறி, கள்ளக்கடத்தல் பெருகி, வேறு வழியின்றி 1784இல் 12.5 விழுக்காடாகக் குறைத்தார்கள். முறையான விற்பனை இருமடங்கைத் தாண்டியது. இவையெல்லாம் நூல்களில் தாராளமாகக் கிடைப்பவை.

நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது 1870களை. அதற்கு முன் 1839 ஜனவரியில் அஸ்ஸாம் தேயிலை எட்டுப் பெட்டிகள் லண்டனில் ஏலம் போயின. அந்தத் தேயிலை சீனத் தொழிலாளர் கற்றுக்கொடுத்த முறையில், கையால் உருட்டி, சட்டியில் வாட்டிச் செய்தது. கையால் உருட்டினால் இலை பெரும்பாலும் முழுசாக நிற்கும். 1870களில் வில்லியம் ஜாக்சன் உருட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த சாமுவேல் டேவிட்சன் 'சிராக்கோ' என்ற உலர்த்தும் இயந்திரத்தைச் செய்தார். நூறு கை செய்த வேலையை இயந்திரம் செய்தது. அழுத்தத்தில் இலை உடைந்தது.

உடைந்ததை என்ன செய்வது? அடுக்கடுக்காகச் சல்லடை வைத்துச் சலித்தார்கள். மேல்தட்டில் நிற்பது நீண்ட இலை. அடுத்து உடைந்த இலை, அதற்கும் கீழே குறுணை, எல்லாவற்றுக்கும் அடியில் மணல் பருமனில் தூள். ஒரே செடி, ஒரே நாள் கிள்ளிய கொழுந்து, ஒரே அடுப்பு. ஆனால் மேல்தட்டுக்கு ஒரு விலை, அடித்தட்டுக்கு ஒரு விலை.

துகள் சிறுக்கச் சிறுக்க வெந்நீர் படும் பரப்பு கூடும். அதனால் தூள் சட்டென்று இறங்கும், கருத்து இறங்கும், துவர்ப்பாக இறங்கும். ஒரு கிலோ முழு இலையில் கிடைப்பதைவிட ஒரு கிலோ தூளில் அதிகக் குவளை கிடைக்கும். தேநீர் சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது குறை. காலை ஷிஃப்டுக்கு ஓடுகிறவனுக்கு இதுதான் தேவை.

ரஷ்ய வணிகர்கள் இதை முன்கூட்டியே கண்டுகொண்டவர்கள். சீனாவின் ஹான்கோவ் நகரில் அவர்கள் நடத்திய ஆலைகளில், தேயிலைத் தூளை ஆவியில் பதமாக்கி அச்சில் அழுத்திச் செங்கல் வடிவில் வார்த்தார்கள். சிந்தாது, சிதறாது, ஒட்டகத்தின் முதுகில் பல மாதம் தாங்கும். மங்கோலியா, சைபீரியா வரை தேநீர் போய்ச் சேர்ந்தது அந்தக் கட்டிகளாகத்தான்.

2. பருவக் கூலியும் குடும்பக் கூலியும்

சிலோனுக்கு வருவோம். அங்கே தேயிலைக்கு முன் காப்பி இருந்தது. காப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறிக்கும் மாதங்களில் தென் தமிழ் மாவட்டங்களிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் மன்னார் வழியாகக் காட்டுக்குள் நடந்தே போவார்கள். பாதையில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் போக, மிஞ்சியவர்கள் வேலை முடிந்து திரும்பினார்கள்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் காப்பி இலைகளில் துரு நோய் கண்டது. சில பத்தாண்டுகளில் காப்பி அழிந்து, மலையெல்லாம் தேயிலை ஆயிற்று. இந்த மாற்றத்தைப் பயிர் மாற்றமாக மட்டும் எழுதுகிறார்கள். எனக்கு அது குடும்ப அமைப்பையே மாற்றிய நிகழ்ச்சியாகத் தெரிகிறது.

காரணம் எளிது. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பிப் போய்க் கிள்ளியாக வேண்டும். விட்டால் கொழுந்து முற்றிவிடும். ஆகவே தோட்டத்துக்கு நிரந்தர ஆள் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் இருந்தால் குடும்பம் வேண்டும். குடும்பத்துக்கு லயம் எனும் வரிசை வீடு வேண்டும். பருவக் கூலிகள் குடும்பக் கூலிகளானது இப்படித்தான்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தலையிலிருந்து முதுகில் தொங்கும் கூடையோடு மலையேறுகிற பெண், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறாள். தராசில் நிறுக்கும்போது கூடைக்கென்று ஒரு கழிவு, ஈரத்துக்கென்று ஒரு கழிவு. சொன்ன எடை வரவில்லையென்றால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. அவள் கிள்ளியதில் மேல்தட்டு கொழும்புக்கும் லண்டனுக்கும் போயிற்று. லயத்துக்கு வந்தது தூள். பால் சேர்க்க வழியில்லாத வீட்டில் அதைச் சாயத்தண்ணியாக ஊற்றி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடித்தார்கள். கிள்ளியவள் கிள்ளியதைக் குடிக்கவில்லை என்று சிலர் எழுதுவார்கள். குடித்தாள், அடித்தட்டில் விழுந்ததைக் குடித்தாள்.

இந்த மக்களைத்தான் 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ அதன் தொடர்ச்சி. கண்டிச் சீமையில் கொழுந்தெடுத்தவரின் பிள்ளைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள்.

3. குறுணைக்குக் கிடைத்த மரியாதை

இங்கிலாந்திலும் கதை இதேதான். 1880களின் இறுதியில் அங்கே இந்திய, சிலோன் தேயிலைகள் சீனத் தேயிலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. 1903இல் பர்மிங்ஹாமில் ஜான் சம்னர் என்ற மளிகைக்காரர், வணிகர்கள் மதிக்காத குறுணையைப் பாக்கெட்டில் போட்டு, செரிமானத்துக்கு நல்லது என்று சொல்லி விற்றார். அதுதான் டைஃபூ. அவர் சகோதரியின் வயிற்றுக் கோளாறு அதில் தீர்ந்தது என்பது அந்த நிறுவனத்தின் தலபுராணம். மலிவான சரக்கை மருந்தாக்கி விற்ற சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பின்னால் வந்த தேநீர்ப் பைக்குள் இருப்பதும் குறுணையும் தூளும்தான். இன்று ஐந்து நட்சத்திர ஹோட்டலில் நூல் கட்டிய பையைப் பவிசாக முக்கிக் குடிக்கிறவரும் சல்லடைக்குக் கீழே விழுந்ததைத்தான் குடிக்கிறார்.

4. விற்காத சரக்கும் இந்திய நாக்கும்

இந்தியாவில் தேநீர் பழங்காலந்தொட்டே இருந்தது போலப் பேசுகிறோம். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தேயிலை அநேகமாக முழுவதும் கப்பலேறியது. தமிழ்நாட்டில் நீராகாரமும் மோரும்தான் காலைப் பானம். காப்பி நுழைந்ததும் அது நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண வீடுகளின் அடையாளமாயிற்று. தேநீர் உழைப்பாளிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் உரியது என்ற பிரிவினை எப்படி வந்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

தேயிலை முதலாளிகள் 1903இல் ஏற்றுமதித் தேயிலைமீது ஒரு தீர்வை போடச் சட்டம் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பணம் விளம்பரத்துக்கு. வெகுகாலம் பலன் சொற்பம்தான். திருப்பம் 1930களில் வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்தது. கிட்டங்கிகளில் சரக்கு தேங்கியது. 1933இல் இந்தியா, சிலோன், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்வதென்று உடன்படிக்கை செய்தன. கப்பலேற முடியாத சரக்கை உள்ளூரில் யாராவது குடித்தாக வேண்டும்!

அப்போதுதான் பிரச்சாரகர்கள் ஊர் ஊராக இறங்கினார்கள். ரயில் நிலையம், சந்தை, ஆலை வாசல், திருவிழா என்று கூட்டம் கூடுமிடமெல்லாம் பாத்திரத்தோடு போய் நின்று, தேநீர் போடும் விதத்தைச் செய்துகாட்டி, இலவசமாக ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு பைசாவுக்குச் சிறு பொட்டலம் விற்றார்கள். காந்தியடிகள் தேநீரையும் காப்பியையும் எதிர்த்து எழுதினார். மக்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுத் தேநீர் குடித்தார்கள்.

அதே ஆண்டுகளில் அஸ்ஸாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் ஒரு புதிய இயந்திரத்தை அமைத்தார். பல் வெட்டிய இரண்டு உருளைகள், ஒன்றையொன்று எதிர்த்து, வேறு வேறு வேகத்தில் சுழலும். வாடிய இலை அதனிடையே போனால் நசுங்கி, கிழிந்து, சுருண்டு, சிறு மணிகளாக வெளியே விழும். இதுதான் சி.டி.சி. முன்பு தூள் என்பது உடைவதால் வந்த உபரி. சி.டி.சி. வந்தபின் இலையை உடைப்பதே நோக்கமாயிற்று. என் வாதத்தின் முதுகெலும்பு இதுதான். உபரியாகக் கிடந்ததை மக்கள் குடிக்கத் தொடங்கியதால், அந்த உபரியையே திட்டமிட்டு உற்பத்தி செய்ய ஆலைகள் மாறின.

இன்று இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி கிலோ தேயிலை உற்பத்தி செய்கிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்நாட்டிலேயே குடித்துவிடுகிறார்கள். பெரும்பகுதி சி.டி.சி. குன்னூர் ஏலத்தில் தூளுக்கென்றே பெரிய சந்தை. நியாயவிலைக் கடையில் ஊட்டி டீ பாக்கெட் கிடைக்கிறது. கென்யாவிலும் தேயிலை அநேகமாக முழுவதும் சி.டி.சி.தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு டீக்கடை எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தது என்று புகழ்வது வழக்கம். பல கிராமங்களில் அதே டீக்கடையில்தான் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்தார்கள். இரட்டைக் குவளை முறைக்கு எதிராக நடந்த போராட்டங்கள் அண்மைக் காலம் வரை நீண்டன. தூள் எல்லோருக்கும் எட்டியது; குவளை எட்டவில்லை.

5. மலாயாவில் தூளோடு பால் டின் சேர்ந்தது

1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்குப் போய்க் கண்டுவந்த கேமரன் மலைக்கு, சாலை போய்ச் சேர நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல், சிலோனில் தோட்டம் நடத்திப் பழகிய மில்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்ததும் சரிவில் செடி நட்டதும் பெரும்பாலும் தமிழர் கைகள். 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தோட்டம் வந்தது. இன்றும் மலேசியர் குடிப்பதற்கு மலேசியத் தேயிலை போதாது. இறக்குமதி தூள்தான் ஈடுகட்டுகிறது.

ஜொகூரில் நம் முன்னோர் மலையில் இல்லை, ரப்பர் காட்டில் இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்து, கூலாய், குளுவாங், சிகாமட் தோட்டங்களில் பால்மரம் சீவினார்கள். விடியுமுன் பிரட்டு. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே உளியோடு போகவேண்டும். உண்மையைச் சொன்னால், தோட்டத்து வீட்டில் அந்த நேரத்துக்கு அதிகம் இறங்கியது வரக்கோப்பிதான். இங்கே முன்வரிசையில் தலையசைக்கும் பெரியவர்களுக்கு அது தெரியும். தே, அதாவது தேநீர், வந்தது கடையிலிருந்து. சம்பள நாளில் டவுனுக்குப் போனால் ஒரு தே. ஒட்டுக்கடையில் நின்று பேச ஒரு தே.

அந்தத் தேநீரை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரம் பக்கமிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூருக்கும் பரவியவர்கள். அவர்களுக்கு இருந்த சிக்கல் இது. வெப்ப நாடு, மாட்டுப் பால் குறைவு, கிடைத்தாலும் மதியத்துக்குள் திரிந்துவிடும். 1912இல் ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி பினாங்கில் கடை விரித்தது. அதுதான் பின்னாளில் நெஸ்லே மலேசியா. டின்னில் அடைத்த இனிப்புப் பாலுக்கு ஐஸ் வேண்டாம், சீனியும் தனியாக வேண்டாம்.

கெட்டியான அந்தப் பாலில் நல்ல முழு இலைத் தேநீரை ஊற்றிப் பாருங்கள், இலையின் மணம் இருந்த இடம் தெரியாது. அந்த இனிப்பையும் கொழுப்பையும் எதிர்த்து நிற்கக் கடுமையான துவர்ப்பு வேண்டும். அது தூளில் மட்டுமே உண்டு. துணி வடிகட்டியில் தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, சாயத்தைக் கறுக்க இறக்கி, அடியில் பால் ஊற்றிய குவளையில் கலந்து, இரண்டு குவளைக்கிடையே கையகல உயரத்தில் தொடங்கித் தோளுயரம் வரை இழுத்து ஆற்றுகிறார்கள். பால் கலக்கிறது, சூடு தணிகிறது, நுரை எழும்புகிறது. வேடிக்கை காட்டுவதற்கு மட்டும் என்று அதை நினைப்பவர்கள், ஆற்றாத தேநீரை ஒருமுறை வாங்கிக் குடித்துப் பார்க்கலாம். காலியான பால் டின்னும் வீணாகவில்லை. மேலே ஓட்டை போட்டுக் கயிறு கட்டினால் வீட்டுக்கு வாங்கிப்போகும் பாத்திரம்.

2024இல் மலேசியரின் காலைப் பசியாறும் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கோடும் ரொட்டி சானாயோடும், இப்படி இழுத்து ஆற்றிய தே தாரிக்கும் அதில் இடம்பெற்றிருக்கிறது. மகிழ்ச்சிதான். அந்தப் பானத்தின் பொருளாதாரம் இரண்டு மலிவுச் சரக்குகளின் சேர்க்கை என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம்.

6. என் கருத்தின் எல்லை

சீனாவிலும் ஜப்பானிலும் பச்சைத் தேயிலை, ஏழை எளியவர் உட்பட எல்லோரிடமும் இலையாகவே போய்ச் சேர்ந்தது. ஜப்பானின் மாச்சாவும் பொடிதான், ஆனால் அது உயர்ந்த இலையை வேண்டுமென்றே அரைத்தது. எனவே தூளின் கதை உலகம் முழுவதற்கும் பொருந்தாது. பிரிட்டிஷ் ஆட்சி தொட்ட நாடுகளுக்கும் ரஷ்யப் புல்வெளிகளுக்கும் பொருந்தும். மனிதக் கூட்டத்தில் அதுவும் ஒரு பெரிய பங்கு என்பதால் இந்த வரையறையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்று கேமரன் மலையில் பல சரிவுகளில் கொழுந்தை வெட்டுவது இயந்திரம். அதைப் பிடித்திருப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். ஜொகூர் பாருவின் இருபத்துநான்கு மணி நேரக் கடைகளில் தே ஆற்றுகிறவர்களிலும் ஒப்பந்தத்தில் வந்த வெளிநாட்டவர் நிறைய. கிள்ளுகிற இடத்திலிருந்தும் ஆற்றுகிற இடத்திலிருந்தும் நம் பிள்ளைகள் விலகிவிட்டார்கள். படித்தார்கள், நகர்ந்தார்கள், அது நல்லதே. ஆனால் அந்த இரண்டு இடங்களின் ஆவணமும் அவர்களோடு சேர்ந்து மறைகிறது. தோட்டத்துக் கிராணியின் பதிவேட்டைவிட எனக்கு இப்போது அவசரமாக வேண்டியது கடைக்காரரின் கடன் நோட்டு. எந்த வீட்டுக்கு எவ்வளவு தூள், எத்தனை டின் பால், எந்த மாதம் கடன் ஏறியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், எடைக்குப் போடுமுன் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.